ஜான்சன் மாஸ்டரை முழுதாகக் கேட்பது எப்படி

மலையாளப் பாட்டு கேட்கும் தமிழர்களிடம் திரை இசையமைப்பாளர் ஜான்சன் பெயரைச் சொன்னால் 'ராஜஹம்ஸமே', 'தேவாங்கணங்கள்', 'கண்ணீர்ப்பூவின்றெ' என்று பத்துப் பன்னிரண்டு பாட்டுகள் உடனே வந்து விழும். அவர் செய்த வேலையில் அது ஒரு பகுதிதான். 300க்கும் மேற்பட்ட படங்களில் அவர் பெயர் இருக்கிறது. அவற்றில் பலவற்றில் பாட்டு இன்னொருவருடையது, ரீ-ரெக்கார்டிங் எனப்படும் பின்னணி இசை மட்டும் இவருடையது. பாட்டுகள் இசைத்தட்டிலும் கேசட்டிலும் வெளிவந்தன. பின்னணி இசைக்குப் பெரும்பாலும் அந்த வாய்ப்பே இல்லை. அது படத்துக்குள்ளேயே, வசனத்துக்கும் மழைச் சத்தத்துக்கும் அடியில் கிடக்கிறது. அதைத் தோண்டி எடுத்துக் கேட்கிற வழியைத்தான் இங்கே சொல்கிறோம். பாட வருகிறவர்களுக்கும் வாசிக்கிறவர்களுக்கும் தேவையானது பின்பாதியில் இருக்கிறது.

வேண்டிய சாமான்கள் அதிகமில்லை. காதை மூடுகிற ஹெட்ஃபோன் ஒன்று, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் உள்ள கணினி, எக்செல் மாதிரி ஒரு அட்டவணை, கைபேசியில் ஒரு தம்புரா செயலி. டி.வி. ஸ்பீக்கரில் இந்த வேலை நடக்காது. ஜான்சன் மிக மெதுவாக உள்ளே நுழைகிறவர். இசை தொடங்கிய நொடியை ஸ்பீக்கர் விழுங்கிவிடும்.

முதலில் இரண்டு பட்டியல்

இணையத்தில் கிடைக்கும் படப்பட்டியல்கள் எல்லாவற்றிலும் ஒரே குழப்பம். 'இசை' என்ற ஒற்றைக் கட்டத்தில் பாட்டுக்கு இசையமைத்தவர் பெயர் மட்டும் ஏறியிருக்கும். மலையாளத்தில் அந்தக் காலத்தில் பாட்டு ஒருவர், பின்னணி ஒருவர் என்பது சாதாரணம். ஆகவே பாட்டுக்கு ஒரு பட்டியல், பின்னணிக்கு ஒரு பட்டியல் என்று தனித்தனியாகப் போடுங்கள். படத்தின் டைட்டிலை நிறுத்தி நிறுத்திப் படிப்பதுதான் நம்பகமான வழி. 'சங்கீதம்' என்று வருவது பாட்டு, 'பச்சாத்தல சங்கீதம்' என்று வருவது பின்னணி, 'கானரசன' என்றால் பாடலாசிரியர். மலையாள எழுத்து தெரியாவிட்டால் இந்த மூன்று சொற்களின் உருவத்தை மட்டும் பழகிக்கொள்ளுங்கள், போதும்.

இரண்டு பட்டியலும் எவ்வளவு முக்கியம் என்பதற்கு நான்கு படங்களே சாட்சி. 'தூவானத்தும்பிகள்' (1987): பாட்டு பெரும்பாவூர் ஜி. ரவீந்திரநாத், பின்னணி ஜான்சன். 'அமரம்' (1991): பாட்டு ரவீந்திரன், பின்னணி ஜான்சன். 'மணிச்சித்திரத்தாழ்' (1993): பாட்டு எம்.ஜி. ராதாகிருஷ்ணன், பின்னணி ஜான்சன். 'சுக்ருதம்' (1994): பாட்டு பாம்பே ரவி, பின்னணி ஜான்சன். கடைசிப் படத்தில் இந்தப் பிரிவினை தேசிய விருது வரை போனது. பாட்டிசைக்கான விருது ரவிக்கு, பின்னணி இசைக்கான விருது ஜான்சனுக்கு. அதற்கு முந்தைய ஆண்டு 'பொந்தன்மாட'வுக்காக இசையமைப்பாளர் விருதும் ஜான்சனுக்கே வந்திருந்தது.

கேரள மாநில விருதுகளையும் இதே மாதிரி பிரித்து எழுதிவிடுங்கள். இசையமைப்பாளர் விருது 1982இல் 'ஓர்மைக்காயி', 1989இல் 'மழவில்காவடி', 'வடக்குநோக்கியந்திரம்' இரண்டும் சேர்த்து, 1999இல் 'அங்ஙனெ ஒரு அவதிக்காலத்து'. பின்னணிக்கு 1992இல் 'சதயம்', 1996இல் 'சல்லாபம்'. விருதுப் படங்கள்தான் சிறந்தவை என்று நாங்கள் சொல்லவில்லை. 'நமுக்கு பார்க்கான் முந்திரித்தோப்புகள்' இந்த வரிசையில் இல்லாததே அதற்குப் போதும். ஆனால் ஆண்டும் துறையும் உறுதியாகத் தெரிந்த படங்கள் இவை. பட்டியலுக்கு முதுகெலும்பாக நிற்கும்.

யூடியூபில் பாட்டுக்கு மேல் எழுதியிருக்கும் பெயரை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ரவீந்திரன் பாட்டு ஜான்சன் பெயரிலும், ஜான்சன் பாட்டு ஔசேப்பச்சன் பெயரிலும் திரிகின்றன. டைட்டில், அல்லது பழைய கேசட் உறை, இரண்டில் ஒன்றாவது ஒத்துப்போகும் வரை அந்த வரிக்கு எதிரே ஒரு கேள்விக்குறி இருக்கட்டும்.

எந்தப் படத்தில் தொடங்குவது

ஆண்டு வரிசையில் போகாதீர்கள். முதல் படமான 'இணயெத் தேடி'யில் (1981) தொடங்கினால் பாதியில் களைத்துப்போவீர்கள். அவர் கை முழுதாகத் தெரிய இன்னும் சில ஆண்டுகள் ஆகின்றன. இயக்குநர் பத்மராஜனின் 'நமுக்கு பார்க்கான் முந்திரித்தோப்புகள்' (1986) தொடக்கத்துக்கு நல்லது. பாட்டும் பின்னணியும் அவரே. பாட்டுகள் இரண்டுதான், இரண்டும் ஓ.என்.வி. குறுப்பு எழுதி யேசுதாஸ் பாடியவை. அதனால் பாட்டின் மெட்டு எங்கே முடிகிறது, பின்னணியின் தனி மெட்டு எங்கே தொடங்குகிறது என்று பிரித்துப் பார்ப்பது எளிது.

அடுத்து 'தூவானத்தும்பிகள்'. இங்கே பாட்டு அவருடையதல்ல. ஆகவே பாட்டு மெட்டைப் பின்னணியில் ஓடவிட்டுச் சமாளிக்கும் கட்டாயம் அவருக்கு இல்லை. க்ளாரா என்ற பாத்திரம் வருகிற காட்சிகளை மட்டும் தனியாக வெட்டி வரிசையாக வைத்துக் கேளுங்கள். கேரளத்தில் அந்தக் காட்சிகளின் இசையை முணுமுணுக்கத் தெரிந்தவர்கள் ஏராளம். பாட்டு ஒன்றுமே இல்லாமல் பின்னணியாலேயே ஒரு இசையமைப்பாளர் மக்கள் வாயில் புகுந்ததற்கு அதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

மூன்றாவதாக 'கிரீடம்' (1989), அதன் தொடர்ச்சியான 'செங்கோல்' (1993). இரண்டையும் அடுத்தடுத்த நாட்களில் பாருங்கள். இயக்கம் சிபி மலயில், எழுத்து லோகிததாஸ், பாடல் கைதப்ரம். ஒரே குடும்பத்தின் கதை, நான்கு ஆண்டு இடைவெளி. 'கண்ணீர்ப்பூவின்றெ'வும் 'மதுரம் ஜீவாம்ருத பிந்து'வும் எந்தக் காட்சிகளுக்குப் பக்கத்தில் நிற்கின்றன, அவற்றின் மெட்டுத் துணுக்குகள் பாட்டுக்கு வெளியே எங்கெங்கே தலைகாட்டுகின்றன என்பதைக் குறித்துக்கொள்வதுதான் இந்த ஜோடியில் உங்கள் வேலை.

பிறகு 'மணிச்சித்திரத்தாழ்'. நமக்கு இதில் ஒரு கூடுதல் வசதி: 'சந்திரமுகி' (2005) கையில் இருக்கிறது. கணவன் தடுத்ததும் மனைவி கட்டிலைத் தூக்கும் காட்சியை இரண்டு படத்திலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இசை எந்த நொடியில் நுழைகிறது, அவள் குரல் மாறுவதற்கு முன்பா பின்பா என்று பாருங்கள். யார் உயர்த்தி என்று தீர்ப்புச் சொல்வதற்காக அல்ல. 'சந்திரமுகி'க்கு இசையமைத்த வித்யாசாகருக்கு இருந்த திரையரங்க ஒலி வசதி வேறு, படத்தின் வேகமும் வேறு. ஒரே நிகழ்வுக்கு இரண்டு முடிவுகள் சாத்தியம் என்று காதுக்குத் தெரிந்தால்தான் ஜான்சன் எடுத்தது ஒரு முடிவு என்பது உறைக்கும். 'கிரீட'த்துக்கும் 2007இல் வந்த தமிழ் 'கிரீட'த்துக்கும் இதே பயிற்சி செய்யலாம். அப்பா அடிவாங்குவதைக் கண்டு மகன் பாயும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே இசை ஜி.வி. பிரகாஷ் குமார்.

'பொந்தன்மாட', 'சுக்ருதம்' இரண்டையும் கடைசியில் வையுங்கள். மெதுவான படங்கள். குறிப்பெடுக்கும் பழக்கம் வந்தபிறகு பார்த்தால்தான் பலன்.

வாழ்க்கை விவரம் எவ்வளவு வேண்டும்

கேட்பதற்கு உதவுகிற அளவுக்குத் தெரிந்தால் போதும். 1953 மார்ச் 26 அன்று திருச்சூர் நெல்லிக்குன்னில் பிறந்தவர். சிறுவயதில் தேவாலயப் பாடகர் குழு, பிறகு நண்பர்களோடு 'வாய்ஸ் ஆஃப் திருச்சூர்' மேடைக் குழு. பாடகர் பி. ஜெயச்சந்திரன் வழியாக ஜி. தேவராஜனிடம் அறிமுகமாகி, எழுபதுகளின் நடுவில் சென்னைக்கு வந்து அவருக்கு உதவியாளரானார். தேவராஜன் நமக்கும் தெரிந்தவர்தான், 'அன்னை வேளாங்கண்ணி' (1971) பாட்டுகள் அவருடையவை. இந்த மூன்று பள்ளிகளும் காதில் தெரியும். குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி நிற்கும் இசைவு தேவாலயத்திலிருந்து. கிதாரை அலங்காரமாக வைக்காமல் மெட்டின் காலாக வைப்பது மேடைக் குழுவிலிருந்து. சொல்லை முறிக்காமல் மெட்டுப் போடும் கட்டுப்பாடு தேவராஜனிடமிருந்து. இது எங்கள் கணிப்பு. குறிப்பேட்டோடு உட்கார்ந்தால் நீங்களே ஒத்துப்பார்த்துக்கொள்ளலாம்.

முக்கியமான இன்னொரு விஷயம், அவர் பாட்டு வழியாக உள்ளே வந்தவரல்லர். இயக்குநர் பரதனின் 'ஆரவம்' (1978), 'தகரா' போன்ற படங்களின் பின்னணியில்தான் அவர் பெயர் முதலில் வருகிறது; பாட்டு அதற்குப் பிறகு. பத்மராஜனின் கடைசிப் படம் 'ஞான் கந்தர்வன்'. 1991 ஜனவரியில் பத்மராஜன் இறந்ததோடு ஒரு பெரிய கூட்டணி முடிந்தது. சத்யன் அந்திக்காடு, சிபி மலயில் ஆகியோருடன் தொண்ணூறுகளில் வேலை தொடர்ந்தது. பிறகு ஒரு நீண்ட இடைவெளி, 2006இல் 'ஃபோட்டோகிராஃபர்' மூலம் திரும்பி வந்தார். 2011 ஆகஸ்ட் 18 அன்று சென்னையில் காலமானார். பட்டியலில் படங்கள் அடர்ந்தும் மெலிந்தும் இருப்பதை இந்தத் தேதிகளோடு வைத்துப் பாருங்கள்.

கோப்பு சரியான வேகத்தில் ஓடுகிறதா

இதைச் சோதிக்காமல் சுருதி எழுதத் தொடங்குகிறவர்கள்தான் அதிகம். பின்னால் எல்லாம் அரைக்கட்டை (சுருதியில் அரைப்படி) தள்ளிப்போய் நிற்கும்.

திரைப்படம் ஒரு நொடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்). பழைய டி.வி. ஒளிபரப்பு, வி.சி.டி., டி.வி.டி. பலவும் நம் நாட்டு முறைப்படி 25 சட்டகத்தில் ஓடின. படத்தை மாற்றும்போது 24ஐ 25 ஆக்கி ஓட்டிவிட்டால் எல்லாமே 4 சதவீதத்துக்குச் சற்று மேல் வேகமாகிவிடும், ஒலி ஏறக்குறைய 70 சென்ட் உயரும். 100 சென்ட் என்பது ஓர் அரைஸ்தானம். ஒரு கட்டையில் பாடிய பாட்டு, ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் நடுவே, ஒன்றரையை ஒட்டி நிற்கும். கீபோர்டில் எந்தக் கட்டையும் சரியாகப் பொருந்தாமல் இடறினால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

கண்டுபிடிக்க எளிய கணக்கு உண்டு. படத்தின் முதல் காட்சிக்கு முன்னால் சென்சார் சான்றிதழ் வருகிறதல்லவா, அதில் படத்தின் நீளம் மீட்டரில் இருக்கும். 35 எம்.எம். படச்சுருள் ஒரு நிமிடத்துக்கு 27.43 மீட்டர் ஓடும். சான்றிதழில் 3,840 மீட்டர் என்று இருந்தால் 27.43ஆல் வகுத்தால் 140 நிமிடம். உங்கள் கோப்பு 140 நிமிடத்தை ஒட்டி இருந்தால் சரி. 134 நிமிடம் 24 நொடி இருந்தால் அது 25 சட்டகக் கோப்பு. இரண்டிலும் சேராமல் 120 நிமிடம் என்று இருந்தால் வெட்டியிருக்கிறார்கள். அந்தக் கோப்பை விட்டுவிட்டு வேறு தேடுங்கள். சுருக்கும்போது பாட்டையும், வசனமில்லாத இடங்களையும்தான் முதலில் வெட்டுவார்கள். நமக்கு வேண்டியது அந்த இடங்கள்தான்.

வேகமான கோப்பைத் திருத்த, ஆடாசிட்டியில் வேகத்தையும் சுருதியையும் சேர்த்து மாற்றும் வசதியில் -4.0 சதவீதம் கொடுங்கள். சுருதியைத் தொடாமல் தாளவேகத்தை மட்டும் மாற்றும் இன்னொரு வசதி பக்கத்திலேயே இருக்கும். அதைத் தொட்டால் நீளம் சரியாகும், சுருதி அப்படியே தப்பாக நிற்கும். சில நிறுவனங்கள் மாற்றும்போதே சுருதியைத் திருத்திவிடுவதும் உண்டு. அதனால் திருத்திய பிறகு படத்தில் உள்ள பாட்டை, தனியாக வெளிவந்த பாட்டுப் பதிவோடு ஒருமுறை ஒட்டிப் பாருங்கள். இரண்டும் ஒன்றினால் நிம்மதி.

எண்பதுகளின் இந்தப் படங்கள் ஒற்றைத் தட ஒலி. இணையக் கோப்பு இரண்டு தடமாக இருந்தால் இரண்டையும் கலக்காதீர்கள், ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நாடா ஓட்டிய கருவியின் தலை சற்று சாய்ந்திருந்தால்கூட, கலக்கும்போது இரண்டு தடமும் ஒன்றையொன்று தின்று மேல்ஸ்தாயி மங்கிவிடும். ஒலி மங்கலாக இருக்கிறது என்பதற்காக 'ஜான்சன் தாளக்கருவிகளை அடக்கி வைத்தார்' என்று எழுதிவிடக் கூடாது. அந்தக் காலத்து ஆப்டிகல் ஒலித்தடத்துக்கே உச்ச ஒலிகள் சரியாக ஏறாது.

குறிப்பேடு

படத்தை மூன்று முறை பார்க்க வேண்டும். முதல் முறை பேனா இல்லாமல், கதைக்காக. இரண்டாம் முறை நிறுத்தி நிறுத்திக் குறிப்பெடுத்து. மூன்றாம் முறை திரையை அணைத்துவிட்டு, ஒலியை மட்டும். இரண்டாம் சுற்றுக்கு ஒரு மணி நேரப் படத்துக்கு இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரே நாளில் முடிக்க நினைத்தால் இடைவேளைக்குப் பிந்தைய பகுதியில் குறிப்புகள் மெலிந்துபோகும். அங்கேதான் மெட்டுகள் திரும்பி வரும், அங்கேதான் கவனம் வேண்டும்.

அட்டவணையில் எட்டு பத்தி போதும்: தொடக்கம், முடிவு, நொடிகள், காட்சி, வாத்தியங்கள், மெட்டின் அடையாள எழுத்து, நுழைவு, வெளியேற்றம். மெட்டுக்குப் பெயர் வைக்காதீர்கள். அ, ஆ, இ என்று எழுத்து மட்டும். 'சோக மெட்டு' என்று பெயரிட்டுவிட்டால் அது கல்யாண வீட்டில் திரும்பி வரும்போது உங்களுக்கு அடையாளம் தெரியாது. நுழைவுக்கு மூன்று குறி: வசனத்துக்கு முன், வசனத்தோடு, வசனம் முடிந்தபின். வெளியேற்றத்துக்கும் மூன்று: தேய்ந்து மறைதல், சட்டென்று வெட்டு, வேறொரு சத்தத்தில் கரைதல். காட்சிக்குள்ளேயே ஒலிக்கிற ரேடியோ, கோயில் மேளம், தேவாலயப் பாட்டு ஆகியவற்றைத் தனி நிறத்தில் எழுதுங்கள், கூட்டலில் சேர்க்காதீர்கள்.

கூட்டல் எப்படி என்றால்: படம் 138 நிமிடம், அதாவது 8,280 நொடி. பாட்டுகள் 12 நிமிடம், 720 நொடி. மிச்சம் 7,560. பின்னணி வரிகளின் மொத்தம் 1,890 நொடி என்று வந்தால் கால் பங்கு. இந்த எண்கள் கணக்கு காட்ட மட்டுமே. பாட்டைக் கழிக்காமல் வகுத்தால், பாட்டு அதிகமுள்ள படமும் குறைந்த படமும் ஒப்பிட முடியாமல் போகும். இந்தச் சதவீதத்தை எடுத்துக்கொண்டு, அதே ஆண்டின் வேறொருவர் படத்துக்கும் போட்டுப் பாருங்கள். 'ஜான்சன் மௌனத்தைப் பயன்படுத்தியவர்' என்ற வாக்கியத்தை எல்லாரும் எழுதுகிறார்கள். எத்தனை நொடி மௌனம், எந்த வசனத்துக்குப் பிறகு என்று யாராவது எழுதினால்தான் அது தகவல்.

மௌனத்துக்கும் வரி உண்டு. இரண்டு பேர் பேசாமல் நிற்கும் காட்சியில் இசையும் இல்லாமல் 10 நொடிக்கு மேல் போனால் அதையும் ஒரு வரியாகப் பதியுங்கள். 'கிரீட'த்தின் இறுதியில் அப்பா மகனிடம் கத்தியைக் கீழே போடச் சொல்லும் இடத்தை நொடி நொடியாகப் பதிந்துபார்த்தால் இந்த வரி எதற்கு என்று விளங்கும்.

வசனத்தை நீக்கி இசையை மட்டும் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இப்போது இருக்கின்றன. மெட்டை எழுத அவை உதவும். ஆனால் குரலென்று நினைத்துக் கோரஸ் ஹம்மிங்கையும் சேர்த்துத் தூக்கிவிடும், வயலினின் வில் உரசலை வழித்துவிடும். ஸ்வரத்துக்கு அந்தக் கோப்பு, வாத்திய ஓசைக்கு மூலக் கோப்பு என்று இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்வரம் பிடித்தல்

மெட்டை எழுதும் முன் கீழ்த்தளத்தைப் பிடியுங்கள். 250 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதை வடிகட்டிவிட்டால் பேஸ் கிதாரும் செல்லோவும் மட்டும் மிஞ்சும். பேஸ் போய் உட்காரும் இடத்தைத் தம்புரா செயலியில் வைத்துப் பாருங்கள். முடிவு ஸ்வரம் அதில் அடங்கினால் அதுவே ஸட்ஜமம். மெட்டிலிருந்து நேராக ஸட்ஜமம் தேடினால் ஜான்சனிடம் ஏமாறுவீர்கள்; அவர் மெட்டு காந்தாரத்திலோ பஞ்சமத்திலோ நின்றுகொண்டிருக்கும்போது அடியில் வேறொரு கார்டு (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டு) நடந்துகொண்டிருக்கும். பிறகு தாளவேகத்தை 65 சதவீதத்துக்குக் குறைத்து மெட்டை எழுதுங்கள். இப்போது சுருதியைத் தொடாத வசதியைப் பயன்படுத்த வேண்டும்.

ராகப் பெயர் ஒட்டும் அவசரம் வேண்டாம். அவருடைய பல மெட்டுகள் மேற்கத்திய மைனர் ஸ்வரவரிசையில் நடப்பவை. அதில் நி2 (தாழ்ந்த நிஷாதம்) மட்டும் வந்தால் நடபைரவி வழி, நி3 (உயர்ந்த நிஷாதம்) வந்தால் கீரவாணி வழி. பஞ்சமத்தின் மேல் கட்டிய கார்டு மேஜராக ஒலிக்கிறதா மைனராக ஒலிக்கிறதா என்று கேட்டாலே தெரிந்துவிடும். மேஜர் என்றால் உள்ளே நி3 இருக்கிறது. இரண்டும் மாறி மாறி வந்தால் 'மைனர்' என்று எழுதி நிறுத்திக்கொள்ளுங்கள். இணைய ராகப் பட்டியல்கள் இங்கேதான் ஒன்றோடொன்று சண்டை போடும்.

கறாராக ராகத்தில் நிற்பதும் உண்டு. 'சமயம்' (1993) படத்தில் சித்ரா பாடிய 'ராஜஹம்ஸமே' ஹிந்தோளம். மேடையில் இதைக் கெடுப்பவர் பெரும்பாலும் கீபோர்டுக்காரர்தான், காரணமும் எளிது. ஹிந்தோளத்தில் ரிஷபமும் பஞ்சமமும் கிடையாது: ஸ க2 ம1 த1 நி2. ஒரு கட்டையில் வைத்தால் ஸி, ஈ ஃப்ளாட், எஃப், ஏ ஃப்ளாட், பி ஃப்ளாட். பழக்க தோஷத்தில் ஸி மைனர் அழுத்தினால் அதற்குள் ஜி வந்துவிடும், அது பஞ்சமம். ராகம் அந்த இடத்திலேயே இறந்துவிடும். இந்த ஐந்து ஸ்வரத்துக்குள் முழுதாக அடங்கும் மூன்று ஸ்வரக் கார்டுகள் இரண்டே இரண்டு: எஃப் மைனர், ஏ ஃப்ளாட் மேஜர். மற்ற இடங்களில் ஸட்ஜமமும் மத்யமமும் மட்டும் பிடித்தால் போதும். பாடகி ஐந்து கட்டையில் பாடினால் இவை ஸி மைனர், ஈ ஃப்ளாட் மேஜராக நகரும்; அப்போது தவிர்க்க வேண்டியது ஜி மைனர்.

குழு சிறிதாக இருந்தால் அக்குஸ்டிக் கிதார், பேஸ், புல்லாங்குழல், ஒரு வயலின், ஒரு கீபோர்டு, தபலா என்று ஆறு பேர் போதும். சுருதியை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். பாட்டின் மிகத் தாழ்ந்த ஸ்வரத்தையும் உயர்ந்த ஸ்வரத்தையும் எழுதி, பாடுகிறவர் இரண்டையும் கஷ்டமில்லாமல் தொடும் கட்டையைத் தேர்ந்து, ஒரு வாரம் முன்பே குழல் வாசிப்பவரிடம் சொல்லிவிட வேண்டும். அவர் அந்தக் கட்டைக்கான குழலைக் கொண்டுவராவிட்டால் இடையிசை முழுக்கப் போய்விடும். கீபோர்டில் வயலின் ஒலியை வைத்துத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே இருப்பது அடுத்த பெரிய குற்றம். சரணத்துக்கு முன் மூலப்பதிவில் வெற்றிடம் இருந்தால் அதை வெற்றிடமாகவே விடுங்கள். கையை எடுக்க வேண்டிய இடங்களைச் சிவப்பு மையால் குறித்துக் கொடுங்கள்.

பாடுகிறவர்களுக்கு

தமிழ் எழுத்தில் வரிகளை எழுதிப் பாடும்போது மூன்று இடத்தில் சறுக்கும். பெரிய சறுக்கல், சொல்லின் நடுவில் வரும் வல்லினம். நாம் அதைத் தானாக மென்மையாக்கிவிடுவோம். 'ஜீவாம்ருத' என்பதில் வருவது அழுத்தமான முதல் 'த'. நாம் பாடினால் 'தேன்', 'பந்து' என்று சொல்லும்போது வருகிற இரண்டு ஒலிகளில் இரண்டாவதாகிவிடும். சுலோகப் புத்தகங்களில் க1, க2, க3, க4 என்று எண் போடுவார்களே, அதுவே இதற்கு மருந்து. 'மதுரம் ஜீவாம்ருத பிந்து' என்பதை ம-து4-ரம், அம்ரு-த1, பி3-ந்து என்று குறித்துக்கொள்ளுங்கள். எண் 1க்கும் எழுத வேண்டும், அதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.

இரண்டாவது, 'ற்ற', 'ன்ற'. 'கூடெவிடெ' (1983) படத்தில் எஸ். ஜானகி பாடிய 'ஆடிவா காற்றே'யைக் கேளுங்கள். 'ட்ர' என்ற அதிர்வு அதில் இல்லை. நாக்கு நுனி மேல் பல் ஈறில் அழுந்தி விலகும், அவ்வளவுதான். ஈழத்தமிழர் 'காற்று' என்று சொல்வதைக் கேட்டவர்களுக்கு இது உடனே பிடிபடும். 'என்றெ' என்பதையும் அதே இடத்தில் நாக்கை வைத்துச் சொல்ல வேண்டும். 'எண்டெ' என்று உள்ளே மடக்கினாலும் தப்பு, தமிழ் 'என்றே' போல் உருட்டினாலும் தப்பு.

மூன்றாவது, 'மழ' என்பதை 'மழை' ஆக்கிவிடுவது. கடைசி அகரத்தை வாய் திறந்தபடியே முடிக்க வேண்டும். நீண்ட கார்வை அந்த அகரத்தில் விழுந்தால் வித்தியாசம் அரங்கின் கடைசி வரிசை வரை கேட்கும்.

பொது நிகழ்ச்சி என்றால்

மேடையில் நேரடியாகப் பாடினாலும் இசைப்படைப்புக்கு உரிமம் வேண்டும், அது ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பின் வழியாக. பதிவு செய்த பாட்டை ஒலிக்கவிட்டால் ஒலிப்பதிவு உரிமையாளரின் அனுமதி தனி. பல நிறுவனங்களின் பதிவுகளுக்கு அதை பி.பி.எல். தருகிறது. முழுப் படத்தைத் திரையிடப் படத்தின் உரிமை வைத்திருப்பவரிடம் கேட்க வேண்டும், தயாரித்தவரிடம் இப்போது உரிமை இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

காலம் முடிந்திருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்தியச் சட்டப்படி இசைக்கும் வரிகளுக்கும் ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. ஜான்சனின் இசை 2071 முடிய, 2016இல் காலமான ஓ.என்.வி.யின் வரிகள் 2076 முடிய. ஒலிப்பதிவுக்கும் படத்துக்கும் வெளியான ஆண்டை வைத்து அதே 60. 1986இல் வெளியானது 2046 முடிய. குறிப்பேட்டு அட்டவணைக்கு இந்தத் தடை எதுவும் இல்லை. நொடிகளும் மெட்டு எழுத்துகளும் வாத்தியப் பெயர்களும் உங்கள் உழைப்பு. அதை அப்படியே இணையத்தில் போடலாம். போடும்போது எந்தக் கோப்பை வைத்து எழுதினீர்கள், அது 24 சட்டகமா 25ஆ, சான்றிதழ் நீளம் எத்தனை மீட்டர் என்ற மூன்றையும் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். வேறு கோப்பு வைத்திருப்பவர் உங்கள் நொடிகளைத் தன் கோப்போடு ஒட்டிப் பார்க்க அது இல்லாமல் முடியாது.